மண்ணுதான் இருக்கு

வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மீன் தொட்டியைத்தான் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தேன். தொட்டியில் மணல் இல்லை. அடிக்கண்ணாடி வழுக்கையாகத் தெரிந்தது. நான்கு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர். மீன் ஒளிய நான் போட்டிருந்த குழாய்த் துண்டுகளையும் கல்லையும் யாரோ எடுத்துச் செய்தித்தாளில் பரப்பியிருந்தார்கள். மூலையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

மணல் இல்லை என்றால் மீனும் இல்லை. என் மீன்கள் மணலுக்குள்தான் குடியிருக்கின்றன.

லோச் என்று கடையில் சொன்னார்கள். அயிரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். விரல் நீளம், கறுப்பும் மஞ்சளுமாய்ப் பட்டை, வாய் ஓரத்தில் குட்டி மீசை. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பயந்தால் மணலுக்கடியில் போய்விடும். அந்த மீசை கிழியக்கூடாது என்று கடை கடையாக ஏறி இறங்கி, மாவு மாதிரி மணல் வாங்கிப் போட்டிருந்தேன். சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தால்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். அப்படி உட்கார்ந்தது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது காலித் தொட்டி. "என் பொண்டாட்டி மண்ணு வளர்க்குறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் என் கணவர் சொல்லிச் சிரிப்பார். நானும் போனால் போகிறது என்று காபி கொடுப்பேன்.

குளியலறைப் பக்கம் கரணை உரசும் சத்தம் கேட்டது. அங்கே தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை நடக்கிறது. ஓடினேன்.

கொத்தனார் தகரத் தட்டின் முன்னால் குந்தியிருந்தார். தட்டில் ஈர மணல் குவியல். அதன் தலையில் சிமெண்ட். அவர் கையில் தண்ணீர்க் குவளை சாய்ந்துகொண்டிருந்தது.

"ஊத்தாதீங்க!"

நான் கத்திய கத்தலில் பாதித் தண்ணீரை அவர் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். வாசலில் கைப்பேசியை நோண்டிக்கொண்டு நின்ற என் கொழுந்தன் நிமிர்ந்தான்.

"என்ன அண்ணி?"

"இந்த மண்ணு ஏது?"

"தொட்டியில இருந்ததுதான். மணல் பத்தலைன்னு கொத்தனார் சொன்னாரு. லாரி நாளைக்குத்தானாம். அண்ணன்கிட்ட கேட்டேன், அதுல மண்ணுதான் இருக்கு, அள்ளிக்கோடான்னாரு."

"அதுல என் மீன் இருக்குடா!"

"மீனா? அந்தத் தொட்டியிலயா?"

அவனை அறையலாம் என்றுதான் இருந்தது. நேரமில்லை. சிமெண்ட் பட்ட தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் அந்த வழவழத் தோல் வெந்துவிடும். "மேல இருக்கறத மட்டும் வழிச்சு எடுங்க. கிளறாதீங்க, குத்தாதீங்க" என்றேன். கொத்தனார் கரணையைப் படுக்கவைத்து, தோசை திருப்புகிற மாதிரி சிமெண்டை ஓரமாகத் தள்ளினார். நான் சேலையைச் செருகிக்கொண்டு மணலுக்குள் விரலை விட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு விரலிடுக்கில் ஏதோ நெளிந்தது. எடுத்தேன். வாயைத் திறந்து திறந்து மூடியது. உயிர் இருந்தது.

"தம்பி, மாடிப்படி கீழ நீல வாளி இருக்கு. நேத்தே பிடிச்சு வச்ச தண்ணி. அதைத் தூக்கிட்டு வா. குழாய்த் தண்ணி வேண்டாம். ஓடு!"

ஓடினான். அடுத்தது கிடைத்தது. அதற்கடுத்ததும். எல்லாம் தட்டின் அடியோடு அடியாக ஒட்டிக்கிடந்தன. பயந்து கீழே போனதுதான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. வாளித் தண்ணீரில் விட்டதும் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டுகொண்டன.

"இன்னும் ரெண்டு" என்றேன்.

கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார். "அக்கா, மொத வாளிய நான் சலிச்சேன். அதுல ஒண்ணு... உங்க தலைக்குப் போடுற ரப்பர் பேண்டுன்னு நெனச்சுட்டேன். கேப்பீங்களேன்னு அந்தத் தண்ணிக் குழாய் மேல எடுத்து வச்சேன்."

குழாய்த் திருகின்மேல் அது வளைந்து காய்ந்து கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நான் முந்திரிக்கொட்டை என்று கூப்பிடுவது. தீனி போட்டால் முதலில் வருவது அதுதான். யாரோ கை வைத்ததும் தீனி என்று நினைத்து மேலே வந்திருக்கும், பாவி. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதேன். கொத்தனார் முன்னால், கொழுந்தன் முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் என் கணவர் அறையிலிருந்து வந்தார்.

"என்ன ஆச்சு? எதுக்கு இவ்ளோ கலாட்டா?"

கையை நீட்டிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"இதெல்லாம்... அப்பவே செத்துப்போகலையா?"

"செத்துப்போச்சா? அப்ப தினம் சாயங்காலம் நான் யாருக்குச் சாப்பாடு போட்டேன்?"

"இல்ல... நீ ஏதோ பழக்கத்துல போடுறேன்னு நெனச்சேன்."

பழக்கத்தில். பைத்தியக்காரி வெறும் தண்ணீருக்குத் தீனி போடுகிறாள், போடட்டும் என்று விட்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. அழுகைகூட நின்றுவிட்டது.

"மாமியாரைக் காணோம்" என்றேன்.

"அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்களே?"

"மீனுக்கு வச்ச பேரு! குழாய்க்குள்ள வேற யாரையும் விடாது, அதனால வச்சேன். அதைத்தான் காணோம்."

கொழுந்தன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். என் கணவர் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மிச்ச மணலைக் கையால் துழாவ ஆரம்பித்தார். தட்டு முழுவதும் துழாவினார். ஒன்றுமில்லை. நான்கு பேரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். சுவரோரம், சற்றுமுன் ஒட்டிய டைல்ஸ் வரிசை. முதல் வாளி மணல் அதற்கு அடியில்தான் போயிருந்தது.

"சலிச்சுத்தானே போட்டேன்" என்றார் கொத்தனார். ஆனால் அவர் குரலில் உறுதியில்லை.

"பெயர்த்துருங்க" என்றார் என் கணவர்.

"சார், மறுபடி மொதல்லேர்ந்து..."

"பெயர்த்துருங்க."

ஒவ்வொரு டைல்ஸாக நெம்பி எடுத்தார்கள். ஒவ்வொன்று எழும்பும்போதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாம்பல் நிறக் கலவையை என் கணவர் வெறும் கையால் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தார். சிமெண்டில் கை எரிந்திருக்கும். எதுவும் கிடைக்கவில்லை. கடைசி டைல்ஸுக்கு அடியிலும் இல்லை.

வெளிச்சம் மங்கிவிட்டது. மூன்றையாவது பிழைக்கவைக்க வேண்டும். குழாய்த் துண்டுகளைக் கழுவி மீண்டும் தொட்டிக்குள் வைத்து, வாளியோடு மூன்றையும் மெல்லச் சரித்துவிட்டேன். மணல் இல்லாத வெறும் கண்ணாடியில் அவை ஒளிய இடம் தேடி மூலைக்கு மூலை அலைந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எப்போதும்போல் தரையில் உட்கார்ந்தேன்.

என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க பாக்கணும்?"

"பேசாம இருங்க. ஆடாதீங்க."

ஆடாமல் இருந்தார். எனக்கே ஆச்சரியம். கலங்கல் மெல்லத் தெளிந்தது. குமிழி சத்தம் மட்டும். ஸ்பாஞ்சுக்கு அடியில் இருந்த சந்திலிருந்து முதலில் மீசை வந்தது. பிறகு தடித்த தலை. பிறகு பட்டை பட்டையாக உடம்பு முழுவதும் நிதானமாக, வீட்டுக்காரி தோரணையில் வெளியே வந்து, புதிதாய் வந்தவர்களை ஒரு இடி இடித்துவிட்டுக் குழாய்க்குள் நுழைந்தது. தொட்டியை விட்டு அது போகவே இல்லை. டைல்ஸைப் பெயர்த்ததெல்லாம் வீண்.

என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இத்தனை நாளா இங்கயேவா இருந்துச்சு?"

"இங்கயேதான் இருந்துச்சு" என்றேன். "நானும் இங்கயேதாங்க இருக்கேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த இருட்டில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.