ஜெயசீலன் திருத்திய மொழிபெயர்ப்பு

ஜெயசீலனைக் காப்பாற்ற நான் போட்ட திட்டத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஜெயசீலனைத் தவிர. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஜெய்னுலாப்தீன். சொந்த ஊர் கீழக்கரை. ஷார்ஜா தொழில்பேட்டையில் பத்தொன்பது வருடமாக டைப்பிங் சென்டர் நடத்துகிறேன். விசா விண்ணப்பம், ஒப்பந்தம், புகார் மனு, எதுவானாலும் அரபியில் தட்டித் தருவேன். அதோடு தமிழிலிருந்து அரபிக்குச் சட்ட மொழிபெயர்ப்பு செய்ய முத்திரையும் வைத்திருக்கிறேன். தமிழுக்கு அப்படி முத்திரை உள்ளவர்கள் இங்கே ரொம்பக் குறைவு. அதனால்தான் நீதிமன்றத்திலிருந்து அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது.

கோப்பில் இருந்த ஜெயசீலன் முதுகுளத்தூர்க்காரன், சாரம் கட்டுகிற வேலை. பேட்டையில் அவன் குரலைக் கேட்காத தமிழன் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் 'பேட்டைச் செய்திகள்' என்று எட்டு நிமிடம் பேசி அனுப்புவான். எந்த கேம்ப்பில் தண்ணீர் வரவில்லை, எந்த மெஸ்ஸில் சாம்பார் தேறும், எந்தக் கம்பெனி பாஸ்போர்ட்டைத் தராமல் இழுத்தடிக்கிறது, எல்லாம் வரும். நானும் விடாமல் கேட்பேன், சாம்பாருக்காக. ஒரு தடவை மீன்குழம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, மறுவாரம் "அது மீன் இல்ல, கருவாட்டுக் கொழம்பு. தப்பா சொல்லிட்டேன், மன்னிக்கணும்" என்று அரை நிமிடம் வருத்தம் தெரிவித்தான். இவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு கிடங்கில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய மூன்று பேர் விஷவாயு தாக்கிச் செத்துப்போனார்கள். மூன்று பேரும் வேலையை விட்டு ஓடிவிட்டதாகக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை ஜெயசீலன், நம் பக்கத்தில் இறப்புச் சேதி சொல்கிற முறையிலேயே, பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா என்று மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னான். செவ்வாய்க்கிழமை போலீஸார் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இணையத்தில் வதந்தி பரப்பினான் என்று வழக்கு.

அவன் மனைவி கனகா எப்படியோ என் நம்பரைப் பிடித்துவிட்டாள்.

"பாய், எம் புள்ள போன்ல அவுக அப்பா மொகத்தப் பாத்தாத்தான் சோறு திங்கும். எப்படியாச்சும் வெளிய கொண்டாந்துருங்க."

பார்க்கலாம்மா என்றேன். அந்தப் பெண் அழுததில் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். அவன் பேச்சில் இருந்த 'மூன்று பேர் இறந்துவிட்டார்கள்' என்பதை 'மூன்று நண்பர்களுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன்' என்று அரபியில் எழுதினேன். பெயர்களை மொத்தமாக விட்டுவிட்டேன். உடம்பு சரியில்லை என்று சொன்னவனை என்ன செய்துவிட முடியும்? எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். செய்தது பொய்தான், அதுவும் முத்திரை குத்திய பொய். அல்லாஹ் மன்னிப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை நாளன்று என் மொழிபெயர்ப்பை நானே வாசித்தேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ பேசியது இதுதானா என்று அவனிடம் கேட்கச் சொன்னார். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"ஆமான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"பாய், நீங்க படிச்சதுல 'மாத்' வரவே இல்லியே" என்றான்.

பதினோரு வருடம் எகிப்து ஃபோர்மேனிடம் வேலை பார்த்தவன். யல்லா என்றால் கிளம்பு, மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது என்பது மாதிரி, 'மாத்' என்றால் செத்துப்போனான் என்பதும் சைட்டில் வேலை செய்கிற எவனுக்கும் தெரியும். இந்த மண்டைக்கு அது தோன்றவில்லை.

"அத அப்பறம் பேசலாம். ஆமான்னு சொல்லுடா."

"பேரும் வரல. மூணு பேருல ஒருத்தம் பேருகூட வரல. தப்பா இருக்கு பாய், திருத்திப் படிங்க."

"கனகா எங்கிட்ட அழுதுச்சு. வாய மூடு."



"அவளுக்கு நான் உசுரோட இருக்கேன்னு தெரியும். செத்துப்போன முனியசாமி பொண்டாட்டி கருப்பாயிக்கு, ஒம் புருசன் ஓடிப்போயிட்டான்னு சேதி போயிருக்கு. எவளோடயோ போயிட்டான்னு ஊருக்குள்ள பேசுறாக. நான் இப்ப ஆமான்னு சொன்னா அதுதான் நெசம்னு ஆயிரும்."

"அவர் என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி கேட்டார்.

அவர் குழம்பிப்போயிருக்கிறார் என்ற பதில் என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

"என் மொழிபெயர்ப்பில் தவறு இருக்கிறது. திருத்த அனுமதி வேண்டும்" என்றேன்.

"முத்திரை வைத்த பிறகா?"

"ஆமாம்."

முனியசாமி, தகப்பனார் இருளாண்டி, கமுதி தாலுகா. பாலகுரு, தகப்பனார் சண்முகவேல். முகம்மது யூசுப், தகப்பனார் அப்துல் காதர், திருவாடானை தாலுகா. மூவரும் இறந்துவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டிக்கொண்டே வந்தார்.

"பாலகுருவுக்குத் தாலுகா விட்டுட்டீங்க. கடலாடி" என்றான் ஜெயசீலன்.

அதையும் சொன்னேன். வேறென்ன செய்வது.

தீர்ப்புக்கு இரண்டு வாரம் ஆனது. பெயர்கள் பதிவில் ஏறிவிட்டதால் பிணவறையில் தேடச் சொன்னார்கள். மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஆனாலும் அதிகாரிகள் அறிவிக்காததை, உண்மையே ஆனாலும், பரப்பியது குற்றம் என்று ஜெயசீலனுக்கு ஒரு வருடம் ஜெயில், பிறகு நாடு கடத்தல். என் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். உடல்களை ஊருக்கு அனுப்பும் தாள்களை நான்தான் தட்டினேன்.

கனகாவிடமும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், நான் பொய் எழுதியதை, அவன் அதைக் கெடுத்ததை, கடைசியில் நானும் சேர்ந்து கெடுத்ததை. வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை ஏதோ கேட்டு நச்சரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வருசந்தான, பாய்" என்றாள் பிறகு. "அந்தக் கருப்பாயி வீட்ல இன்னைக்குத்தான் சாவு சொல்லியிருக்காக. கூட ஆளு இருக்கோ இல்லையோ. நான் புள்ளயத் தூக்கிக்கிட்டு அங்க போறேன். அப்பறம் பேசுறேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு."