ஜூன் பதினாலு, ஓரிகன்

ஹெப்னர் என்ற ஊரில் வெள்ளம் புகுந்த பத்தியை சுகந்தி எழுதிக்கொண்டிருந்தபோது மேலாளர் நவநீதன் சார் அறைக்குக் கூப்பிட்டார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒவ்வொரு தேதியிலும் என்னென்ன நடந்தது என்று அங்குள்ள ஓர் இணையதளத்துக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. குன்னூரில், பேக்கரிக்கு மேல்மாடியில் அலுவலகம். 1903 ஜூன் பதினாலில் மலையில் கொட்டிய மழை ஓடை வழியே இறங்கி அந்த ஊரை வாரிப்போனதை எழுத அவள் அதிகம் யோசிக்கவில்லை. நீலகிரியில் அரவேணு என்ற மலையூரில் பிறந்தவளுக்கு மழை தெரியும்.

"அடுத்த மாசத்துல இருந்து கம்ப்யூட்டரே எழுதிக்கும்மா. உங்க எழுத்தைப் படிச்சுத்தான் பழகியிருக்கு. ஜீவிதாதானே அதப் பழக்குனாங்க, சொல்லியிருப்பாங்களே?"

ஜீவிதா சொல்லவில்லை. கல்லூரித் தோழி; இந்த வேலைக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான். சில மாதங்களாக, டீ குடிக்கும்போதெல்லாம், இந்தச் சம்பவத்தை ஏன் எடுத்தாய், ஏன் இப்படி ஆரம்பித்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் எழுத்தைப் பற்றி ஒருத்தி இவ்வளவு கேட்கிறாளே என்று சுகந்தி பூரித்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். போன மாதம் கோத்தகிரிப் பள்ளியில் டீச்சர் வேலை வந்தபோதும் ஜீவிதாவிடம்தான் யோசனை கேட்டாள். அவள் வேண்டாம் என்றாள். அங்கே இப்போது வேறொருத்தி சேர்ந்துவிட்டாள்.

மாடிப்படியில் ஜீவிதாவை நிறுத்தினாள்.

"வேல முடியற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்கடி. சொல்லியிருந்தா என்னையும் அனுப்பியிருப்பாங்க. எங்க ஊட்டு நெலம உனக்குத் தெரியாதா?"

"சொல்லாததக்கூட விடு. அந்த ஸ்கூலுக்குப் போகாதன்னு எதுக்குச் சொன்ன?"

ஜீவிதா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

சுகந்தி இருக்கைக்குத் திரும்பினாள். ஒரு பத்தி பாக்கி இருந்தது. ஹெப்னருக்குக் கீழே இருந்த ஊர்களுக்கு வெள்ளம் வருகிறதென்று சொல்ல இரண்டு பேர் குதிரையில் விரைந்தார்கள். எப்போதும்போல வரிவரியாகத் திருத்தி அழகாக எழுதினாள். முடித்த பிறகுதான், இதையும் அந்தக் கம்ப்யூட்டர் படிக்கும் என்பது உறைத்தது. அழிக்கக் கை போனது. அழிக்க மனம் வரவில்லை. அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

அரவேணு பஸ்ஸில் ஜீவிதா முன்னமே ஏறியிருந்தாள். ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம்விட்டு, கையை அதன்மேல் வைத்திருந்தாள். சுகந்தி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். வளைவில் பஸ் சாய்ந்தபோது, முட்டைக்கோஸ் பையோடு நின்ற ஒரு அம்மா, "ஏனுங்க, ஆரும் வராங்களா?" என்றாள். ஜீவிதா மெல்லக் கையை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்துகொண்டிருந்தன.