பெரியவர் வாங்கிய நூற்று மூன்று

நூற்று மூன்று சதவீதம் என்று விடை வந்ததும் மருமகளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாய்லருக்குள் போட்ட எரிபொருளில் எவ்வளவு வெப்பம் இருந்தது, அதில் எவ்வளவு நீராவிக்குள் போய்ச் சேர்ந்தது என்று பார்த்து, பின்னதை முன்னதால் வகுத்தால் திறன் தெரிந்துவிடும். எந்தப் பாய்லரும் தின்றதில் கொஞ்சத்தைப் புகையோடு வெளியே விடும், கொஞ்சத்தைச் சாம்பலில் தொலைக்கும், கொஞ்சத்தைத் தன் உடம்புச் சூடாகவே வீணடிக்கும். எண்பது வாங்கினால் கெட்டிக்காரப் பாய்லர். நூறு வாங்கினால் தெய்வம். நூற்று மூன்று வாங்கினால் கணக்குப் போட்டவள் கழுதை.

அந்தக் கழுதைதான் இப்போது மாமியாரின் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"நூத்தி மூணா?" மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "நம்ம பெரியவர்னா சும்மாவா! உன் புது மாப்பிள்ளை எவ்வளவு வாங்கினார்?"

"புதுப் பாய்லர் எண்பத்திரண்டுதான். ஆனா அத்தை, நூறுக்கு மேல வரவே முடியாது."

"ஏன் முடியாது? உன் புருஷன் காலேஜ்ல பாஸ் பண்ணினான். அதை நம்பினோம் இல்ல? இதை நம்பினா என்ன?"

பக்கத்தில் இருந்த அந்த 'உன் புருஷன்' செல்போனுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கினான்.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. மாமனார் ஆரம்பித்தது, அவர் போன பிறகு மாமியார் நடத்துகிறாள். துணியை வேக வைக்க, உலர்த்த, இஸ்திரி போட எல்லாவற்றுக்கும் நீராவிதான். அந்த நீராவியைக் காலங்காலமாகக் கொடுத்துவந்த பழைய பாய்லருக்குப் பெரியவர் என்று பெயர். மாமியார் அதைப் பேசும்போது மரியாதை தவறாது. "பெரியவர் சாப்பிட்டாரா? பெரியவர் ஏன் இன்னிக்கு முனகறார்?" என்பாள். மாமனார் உயிரோடு இருந்தபோது அவருக்கு இந்த அளவு மரியாதை கிடைத்ததாக யாருக்கும் நினைவில்லை.

மருமகள் எந்திரவியல் படித்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூடத்தின் வாசலில் நின்று அழுக்கு விரிப்புகளை எண்ணி உள்ளே அனுப்புவதுதான் அவளுக்குக் கிடைத்த எந்திரவியல். பெரியவர் மரத்தூள் கட்டியை அளவில்லாமல் தின்கிறார் என்று அவள் சொல்லிச் சொல்லி, கெஞ்சி, சாப்பாட்டு நேரத்தில் படம் வரைந்து காட்டி, கடைசியில் புதுப் பாய்லர் ஒன்று வந்து இறங்கியது. அதோடு அவளுக்கு ஒரு மேசையும் வந்தது. பாய்லரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. கையை ஊன்றினால் ஒரு பக்கம் சாயும் மேசைதான். ஆனாலும் அதன் இழுப்பறைக்குச் சாவி இருந்தது, சாவி அவளிடம் இருந்தது.

மாமியார் அதோடு விடவில்லை. "ஆளுக்கு ஒரு நாள் ஓடட்டும். ஒரே தீனி, ஒரே துணி. நீயே கணக்குப் போடு. ஜெயிச்சவர் இருக்கட்டும், தோத்தவர் கிளம்பட்டும். புது மாப்பிள்ளை கிளம்பினா மேசையையும் தூக்கிடலாம், வழியை அடைக்குது."

முதல் நாள் புதியது ஓடியது. மறுநாள் பெரியவர். இப்போது விடை வந்துவிட்டது.

"கணக்குல எங்கயோ தப்பிருக்கு அத்தை. சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"எடுத்துக்கோ. பாய்லர் கடைக்காரனுக்கு நாளைக்குப் போன் பண்ணினாப் போதும்."

மாமியார் எழுந்தாள். கையை மேசையில் ஊன்றி, ஒரு நொடி அப்படியே நின்று, பிறகுதான் நடந்தாள். மருமகள் அதைப் பார்த்தாள். பார்த்தது மனதில் எங்கும் போய் உட்காரவில்லை. அவள் மனதில் அப்போது மேசை மட்டுந்தான் இருந்தது.

"டேய்," என்றாள், கதவு சாத்தியதும். மாமியார் முன்னால் 'என்னங்க', தனியாக இருந்தால் 'டேய்' என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். "நீயாவது சொல்லக் கூடாதா, நூத்தி மூணு நடக்காத காரியம்னு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் நாப்பதுல பாஸ் பண்ணவன்."

"உங்க அம்மா கிட்ட பயம்னு சொல்லு."

"பயம்தான். உனக்கு இல்லையா?"

அவளுக்கும் இருந்தது. பயம் மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். எரிபொருள் மிச்சமாகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னாளே தவிர, தனக்குள் அவள் சேமிக்க நினைத்தது வேறு. ஒரே ஒருமுறை அந்தப் பெண்மணி தன்னைப் பார்த்து 'நீ சொன்னது சரிதான்' என்று சொல்ல வேண்டும். அதற்காக ஒரு முழுப் பாய்லரை வாங்க வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. பாய்லர் கணக்கில் இழப்புகளை எல்லாம் எழுதிய பிறகு கடைசியாக ஒரு வரி வரும்: கணக்கில் வராத இழப்பு. எங்கே போனது என்று தெரியாததையெல்லாம் அதில் போட்டு மூடிவிடலாம். இந்த வீட்டில் தன்னை அந்த வரியில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம்.

சரி, அழுது பிரயோஜனமில்லை. முதலிலிருந்து பார்ப்போம். மரத்தூள் கட்டியை அவளே நின்று எடை போட்டாள். இரண்டு நாளும் ஒரே குவியல், ஈரமும் இல்லை. தண்ணீர் மீட்டரை ஒரு பீப்பாயை நிரப்பிச் சரிபார்த்தாள், அதுவும் யோக்கியமாக ஓடியது. அழுத்தம், வெப்பநிலை எல்லாம் சரி. இவ்வளவு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஆகவே இவ்வளவு நீராவி வந்திருக்கிறது...

அந்த 'ஆகவே'யில் அவள் நின்றாள். உள்ளே போன தண்ணீரைத்தான் மீட்டர் அளந்தது. அது முழுவதும் நீராவியாகத்தான் வெளியே வந்தது என்று யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். படித்த திமிரில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தண்ணீரில் உப்பும் கசடும் சேர்ந்துவிடும் என்று அவ்வப்போது பாய்லரின் அடியில் உள்ள வால்வைத் திறந்து கொஞ்சம் கொதிநீரை வெளியே விடுவார்கள். கூடத்தில் அதற்கு வயிறு கழுவுவது என்று பெயர். அந்தத் தண்ணீர் நீராவியே ஆகாமல் வெளியேறிவிடும். சோதனை நாளில் மட்டும் அந்த வால்வைத் தொடக் கூடாது. அதை அவள் பாய்லர்காரரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவரும் பெரிதாகத் தலையாட்டியிருந்தார். வாயில் எப்போதும் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும் என்பதால் கூடத்தில் எல்லோரும் அவரைப் புகைபோக்கி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரியவர்தான் ஜெயித்தவர் என்பதால் இன்றும் அவரே ஓடிக்கொண்டிருந்தார். புகைபோக்கி அதன் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நேத்து வயிறு கழுவுற வால்வைத் திறந்தீங்களா?"

"எந்த வால்வும்மா?"

"இருக்கறதே ஒரு வால்வு."

"அப்போ அதுவா இருக்காது."

"அண்ணே!"

"நீங்களே பாருங்கம்மா, காவாய் காய்ஞ்சு கெடக்கு. தண்ணி விட்டிருந்தா இப்படி இருக்குமா?"

கால்வாய் உண்மையிலேயே காய்ந்து கிடந்தது. நேற்றும் அவள் அதைப் பார்த்துத்தான் நம்பினாள். இன்று குனிந்து வால்வுக்கு அடியில் பார்த்தாள். கால்வாய்க்குப் போக வேண்டிய குழாயை யாரோ அழகாக வெட்டி, வளைத்து, வேறு குழாயோடு சேர்த்திருந்தார்கள். அது சுவரில் ஒரு ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனது. தொட்டுப் பார்த்து, "ஸ்ஸ்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அந்தப் பக்கம் போகாதீங்க," என்றார் புகைபோக்கி. ஸ்டூலை விட்டு மட்டும் எழவில்லை.

அவள் போனாள். உலர்த்தும் அறையைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தால் குழாய் ஒரு மூடிய குழிக்குள் இறங்கியது. கொதிநீர் அதில் ஆறி, பச்சைத் தண்ணீரோடு கலந்து, சிமெண்டுத் தொட்டி ஒன்றில் வழிந்தது. தொட்டியைச் சுற்றி மூன்று நாற்காலிகள். மூன்று நாற்காலியிலும் மாமியாரும் அவளுடைய இரண்டு தங்கைகளும். புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, ஆறு கால்களையும் தொட்டிக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் வெற்றியைக் கொண்டாடத் தங்கைகள் நேற்றே வந்திருந்தார்கள். தொட்டி நிறைந்து, ஆவி பறக்கப் பறக்கத் தண்ணீர் வழிந்து தோட்டத்துப் பக்கம் ஓடியது.

கணக்கில் அதிகமாக வந்த மூன்று சதவீதமும், அதற்குக் கீழே இன்னும் முப்பதுக்கு மேலும், அங்கேதான் இருந்தன.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம். பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதை குறையும்.

"அக்கா," என்றாள் சின்னத் தங்கை ஒற்றைக் கண்ணைத் திறந்து. "உன் மருமக."

மாமியார் புடவையை இறக்கவில்லை, காலை எடுக்கவுமில்லை. முட்டிகள் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

"பாத்துட்டியா? சரி, உக்காரு. நாற்காலி இல்ல, நின்னுக்கோ."

"அத்தை, இந்தத் தண்ணியை எல்லாம் நான் நீராவின்னு கணக்கு எழுதியிருக்கேன்!"

"அது உன் தப்பு. நான் எழுதச் சொன்னேனா?"

"இவ்வளவு வெப்பமும் வீணாப் போகுது."

"வீணா?" மாமியாரின் குரல் ஏறியது. "உன் கணக்குல என் காலு வீணா?"

தங்கைகள் இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். மருமகள் மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டினாள். திறன் என்றால் பயன்பட்ட வெப்பம். பயன் என்றால் எது என்று புத்தகம் சொல்லியிருக்கிறது. முட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"டாக்டர் கிட்ட காட்டலாமே அத்தை. உங்க பையன் கிட்ட சொன்னா..."

"அவன் கிட்ட மூச்சு விட்டே, பாத்துக்கோ!" மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "முட்டி போச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே 'அம்மா, நீ வீட்ல ரெஸ்ட் எடு'ம்பான். அன்பாத்தான் சொல்வான். அந்த அன்புக்கு அப்புறம் நான் டிவி முன்னாடிதான். உன் மாப்பிள்ளை பாய்லர் வயிறு கழுவுற தண்ணியை எல்லாம் தானே பூமிக்கு அடியில விட்டுடுமாம், கடைக்காரன் பெருமையா சொல்றான். எனக்குப் பொட்டுச் சூடு கிடைக்காது. அதனாலதான் அது வேண்டாம். போதுமா?"

வீட்டில் ஓய்வெடு. மேசை போனால் மருமகளுக்கும் சொல்லப்படப் போகும் அதே வாக்கியம். இத்தனை நாளும் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பவள் என்று நினைத்தவளும் அதற்குப் பயந்துதான் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டிருக்கிறாள். மனம் இளகியது. உடனே அதை இழுத்துப் பிடித்தாள். இளகினால் மேசை போய்விடும்.

"நாளைக்குப் பெரியவரை மறுபடி ஓட்டப் போறேன் அத்தை. இந்தத் தொட்டிக்கு வர்ற தண்ணியையும் அளப்பேன்."

"அளந்து?"

"உங்க காலையும் பயன்னு சேத்துக் கணக்குப் போடறேன். அப்பவும் பெரியவர் ஜெயிச்சா நானே போன் பண்ணி மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பறேன்."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வியாபாரம் பேசும்போது எதிராளியைப் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வை தன்மேல் விழுவது இதுதான் முதல் தடவை என்று மருமகளுக்குப் பட்டது.

"என் தங்கச்சிங்க காலு?"

"அதையும் சேத்துக்கறேன்."

மறுநாள் பெரியவர் மூச்சு வாங்க ஓடினார். தொட்டித் தண்ணீரை மருமகளே பீப்பாய் பீப்பாயாகப் பிடித்து அளந்தாள். சாயங்காலம் மேசையைச் சுற்றி நால்வர்: அவள், மாமியார், கணவன், கதவோரமாகப் புகைபோக்கி.

"நீராவியை மட்டும் பாத்தா அறுபத்தேழு," என்று படித்தாள். "வெளியே போன சுடுதண்ணியையும் பயன்னு வெச்சுக்கிட்டாக்கூட எழுபத்தஞ்சு. புதுசு எண்பத்திரண்டு."

மாமியார் தாளை வாங்கினாள். வரி வரியாக விரலை ஓட்டினாள். கண்ணாடியைக் கழற்றவில்லை.

அப்போதுதான் கணவனுக்கு எந்திரவியல் ஞானம் பிறந்தது. "ஒரு நிமிஷம். இவ்வளவு சுடுதண்ணி வெளியே போயிருக்கே, எங்க போச்சு?"

புகைபோக்கி இருமினார். மாமியார் தாளிலிருந்து தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தாள். கெஞ்சிக் கேட்கும் பார்வை இல்லை. அந்த முகத்துக்குக் கேட்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

சொல்லிவிட்டால் ஒரே வீச்சில் எல்லாம் முடிந்தது. புதுப் பாய்லர் நிலைக்கும், மேசை நிலைக்கும், மாமியார் வீட்டோடு முடங்குவாள், மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நாற்காலிகூடக் காலியாகும். அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதை மருமகள் ஒரு கணம் நன்றாகவே பார்த்தாள். வசதியாகத்தான் இருந்தது.

"வால்வு சரியா மூடலைங்க," என்றாள். "பழசு இல்லையா, கசியுது."

"இவ்வளவா?"

"பெரியவருக்கு வயசாச்சுங்க."

கணவன் தலையாட்டிவிட்டுச் செல்போனுக்குத் திரும்பினான். புகைபோக்கி சிகரெட்டைப் பற்ற வைத்தார். மாமியார் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பழைய இரும்புக்கடைக்காரனுக்குப் போன் போடு," என்றாள் மகனிடம். "அப்புறம் இந்த மேசையை நகத்துங்க. வழியை அடைக்குது."

மருமகள் இழுப்பறையைத் திறந்து தன் பொருள்களை எடுக்கத் தொடங்கினாள்.

"ஜன்னல்கிட்ட போடுங்க. வெளிச்சத்துல கணக்குப் போடட்டும். காலுக்கு ஒரு கட்டையும் வையுங்க, சாயுது."

'நீ சொன்னது சரிதான்' என்ற வார்த்தை அன்றும் வரவில்லை. ஜன்னல்தான் வந்தது.

அது பின்கட்டைப் பார்த்த ஜன்னல் என்பது மேசையைப் போட்ட பிறகுதான் தெரிந்தது. பெரியவர் லாரி ஏறிப் போனார். புது மாப்பிள்ளையின் தண்ணீர்க் குழாயைக் கடைக்காரனுக்குத் தெரியாமல் வெட்டி வளைத்துத் தொட்டிக்குக் கொண்டுவரும் வேலையைப் புகைபோக்கி சந்தோஷமாகச் செய்தார். ஆனால் மாப்பிள்ளை தன் நேரத்துக்குத்தான் வயிறு கழுவும். மாமியார் முட்டி அந்த நேரத்துக்குக் கட்டுப்படாது. ஆகவே கூப்பிட்டால் எழுந்து போய்க் கையால் திறந்து விடுவதும் மேசைக்காரியின் வேலையில் சேர்ந்தது. எண்பத்திரண்டு எண்பத்தொன்றானது.

"ஏம்மா, சதவீதம்!" ஜன்னலுக்குக் கீழே குரல். இப்போதெல்லாம் அவளுக்கு அதுதான் பெயர். "தண்ணி ஆறிப்போச்சு!"

அவள் வால்வைத் திறந்துவிட்டுத் தொட்டிக்குப் போனாள்.

"உன் மாப்பிள்ளைக்குச் சூடே பத்தலை. பெரியவரா இருந்தா..."

"பெரியவர் இந்நேரம் ஆணியா மாறியிருப்பார் அத்தை."

"வாயைப் பாரு!" என்றாள் மாமியார். "எங்கிருந்துதான் வந்து வாய்ச்சியோ!"

சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் தன் கால்களைத் தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுக்கி, இன்னும் இரண்டு கால்களுக்கு இடம் விட்டாள்.