இலையை யார் எடுப்பது

அந்த வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்து இருபது நாள்கூட ஆகவில்லை, கமலவேணியின் செவலை மாடு தீனி எடுப்பதை நிறுத்திவிட்டது.

நியாலாஸ் சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருந்த செம்பனைத் தோட்டம் அது. கமலவேணி அங்கே உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்தாள். புருஷன் ராமையாவுக்குக் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையைக் காவல் காக்கும் ஜாகா வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். மற்ற நாளெல்லாம் அவளுக்குத் துணை செவலையும் அதன் கன்றும்தான். காலையில் பால் கறந்து வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஏழெட்டு வீட்டுக்கு ஊற்றிவிட்டுத்தான் காட்டுக்குக் கிளம்புவாள்.

முதல் நாள் புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது உடம்புச் சூடாக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் அசைபோடவும் இல்லை. இடப்பக்க வயிறு மத்தளம்போல் உப்பி நின்றது. லயத்துக்காரர்கள் வந்து மூங்கில் கொட்டத்தில் நல்லெண்ணெய் புகட்டினார்கள். வெற்றிலையில் மிளகு வைத்து இடித்துக் கொடுத்தார்கள். செவலை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு விழுங்கியது. பிறகு காலை மடக்கிப் படுத்தது. மூன்றாம் நாள் எழுப்பினாலும் எழவில்லை.

தோட்டக் கணக்கு பார்க்கும் கிராணி ஆபிஸிலிருந்து போன் போட்டு ஜாசினிலிருந்து மிருக டாக்டரை வரவழைத்தாள். மலாய்க்காரர், வயசானவர். மாட்டின் விலாவில் முஷ்டியால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் மாவில் பதிந்த மாதிரி அப்படியே குழிந்து நின்றது.

"கக்கா, இது எங்கே மேயும்?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார்.

"இங்கதான் டாக்டர். காட்டு ஓரம், கோயில் பின்னால."

"கோயிலில் சாப்பாடு போட்டார்களா?"

அவளுக்கு அப்போதுதான் அந்த டப்பாக்கள் ஞாபகம் வந்தன. திருவிழா அன்னதானத்துக்கு எண்ணூறு டப்பா. சாம்பார் சாதமும் கூட்டும் அடைத்த வெள்ளை போலிஸ்டிரின் நுரை டப்பா. தின்று போட்ட டப்பா எல்லாம் கோயிலுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில்தான் கிடந்தது. சாம்பார் வாசத்துக்கு மாடு அங்கே போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை. பரிமாறிய பெண்களில் அவளும் ஒருத்தி.

"வயிற்றை அறுத்து எடுக்கலாம். ஆனால் இந்த உடம்பு தாங்காது. முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்," என்றார் டாக்டர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. இந்த வருஷம் இது நாலாவது மாடு என்றார். ஒரு ஊசி போட்டார். வலி தெரியாமல் இருக்கத்தான் அந்த ஊசி என்று அவர் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் செவலை போய்விட்டது. புதைப்பதற்கு முன்னால் டாக்டரே வந்து வயிற்றைத் திறந்து பார்த்தார். வெள்ளைக் கட்டியும் பிளாஸ்டிக் பையும் கயிறும் பின்னிப் பிணைந்து, ஒரு தலையணை அளவுக்கு வெளியே வந்தது. சில துண்டுகளில் டப்பா மூடியின் விளிம்புகூடக் கலையாமல் இருந்தது. கமலவேணி அதில் ஒரு பிடியை வாளியில் அள்ளி எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அந்த நேரத்தில் அவளுக்கே தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பூசையைப் பற்றிப் பேசக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். ராமையாவும் அன்றைக்கு வீட்டில் இருந்தான். கோயில் தலைவர் தனபாலன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். இப்போது தங்கா பத்துவில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். டப்பாவில் சாப்பாடு கொடுக்கும் வழக்கத்தைக் கோயிலுக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான்.

கமலவேணி வாளியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தாள்.

"இது செவலை வயித்துலேருந்து எடுத்தது," என்றாள். "இனிமே நம்ம கோயில்ல இந்த டப்பா வேணாங்க. பழையபடி எலை போடுவோம்."

ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, மாடு போனதுக்கு எங்களுக்கும் வருத்தம்தான்," என்றார் தனபாலன். "ஆனா டப்பாவ நிறுத்துறது ஈஸி இல்ல லா. ஜனங்க வீட்டுக்குக் கட்டிட்டுப் போறாங்க. டவுன்லயே இத நிறுத்தணும்னு பேப்பர்ல எழுதிக்கிட்டுதான் இருக்காங்க. யாரு நிறுத்துனா? பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில போய்ப் பாருங்க, எல்லாக் கடையிலயும் இதான்."

"அங்க நடக்கறத நான் என்னா செய்ய முடியும் தம்பி? இது நம்ம கோயிலு. நம்ம வேணாம்னா வேணாம்தானே?"

நாலைந்து தலைகள் ஆடின. கமலவேணிக்கு மனசில் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த சுப்பம்மா எழுந்து நின்றாள்.

கடைசி லயத்துச் சுப்பம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். செவலையின் பால் வாங்குகிற வீடுகளில் அவளுடையதும் ஒன்று.

"எலை போடுறதுன்னா போடுங்க," என்றாள். "எடுக்கறது யாரு?"

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"இருபத்திரெண்டு வருஷம் நான்தான் எடுத்தேன். எங்க ஆத்தாவுக்கு அப்புறம் நானு. பந்தி முடிஞ்சா 'சுப்பம்மா எங்க?'ன்னு தேடுவாங்க. சாப்பிடக் கூப்பிட மாட்டாங்க, எலை எடுக்கத்தான். எல்லாரும் தின்னு முடிச்சு, எச்சிலெல்லாம் வாரிப் போட்டு, குளிச்சிட்டு வந்தா பானையில அடிப்பிடிச்ச சோறுதான் இருக்கும்." அவள் கமலவேணியின் பக்கம் திரும்பினாள். "மாடு செத்ததுல எனக்கும் வயிறு எரியுதுடி. அது பாலக் குடிச்சவதான் நானும். ஆனா இந்த டப்பா வந்த வருஷந்தான் நான் எல்லாரோடயும் உக்காந்து சாப்ட்டேன். இத எடுத்துட்டீங்கன்னா திரும்ப யாரக் கூப்பிடுவீங்க, சொல்லுங்க."

"நான் எடுக்கறேன்க்கா," என்றாள் கமலவேணி.

"எண்ணூறு எலையா? இந்த வருஷம் எடுப்ப. அடுத்த வருஷம்?"

"அப்ப அவங்கவங்க எலைய அவங்கவங்க எடுக்கட்டும்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. "டவுன்லேருந்து சம்பந்தக்காரங்க வருவாங்க. அவங்க கையால எச்சில் எலைய எடுக்கச் சொல்லவா? நல்லாருக்கே," என்றார் ஒரு பெரியவர். கமலவேணி அங்கிருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். 'நான் எடுக்கிறேன்' என்று ஒருவராவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ராமையாவையும் பார்த்தாள். அவன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் தனபாலன் ஒரு வழி சொன்னார். டப்பா இருக்கட்டும். பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டுவோம், அன்றைக்கே போட்டுக் கொளுத்திவிடுவோம். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கமலவேணி தூக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "நீங்க ஒரு வார்த்த பேசியிருக்கலாம்," என்றாள் ராமையாவிடம்.

"என்னானு பேசறது? அந்தம்மா சொன்னதும் நெசந்தானே," என்றான் அவன்.

அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. சுப்பம்மா வீம்புக்குப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். இலை காலத்தில் எத்தனை பந்தியில் தானும் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்து வைத்து எழுந்து போயிருக்கிறோம், ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தோமா என்று அன்றைக்கெல்லாம் அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஆடிப் பூசை அன்று டப்பாவைக் கொளுத்தினார்கள். கருகருவென்று புகை எழும்பி லயத்துக்குள் புகுந்தது. பிள்ளைகள் இருமின, ஒரு கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறவே ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பாதி எரிந்து பாதி எரியாமல் கிடந்தது. அன்று சாயங்காலம் அடித்த காற்றில் எரியாத டப்பாக்கள் செம்பனைக் காட்டுக் கால்வாயெல்லாம் பரவிவிட்டன.

கமலவேணி கன்றை அவிழ்த்து விடுவதையே நிறுத்தினாள். புல் அறுத்து வந்து கொட்டகையிலேயே போட்டாள். வேலை முடிந்ததும் பழைய உரச் சாக்கை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கி டப்பாக்களைப் பொறுக்கினாள். தொட்டால் உடைந்து கடுகு மணிபோல் உதிர்ந்தன. உதிர்ந்ததை அள்ள முடியவில்லை. நாலு நாளில் ஆறு சாக்கு சேர்ந்தது.

சேர்ந்ததை என்ன செய்வது? குப்பை லாரி தோட்டத்துக்குள் வராது. மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோனாலும், தோட்டத்துக் குப்பையை எடுக்க மாட்டோம் என்று நகராட்சி ஆபிஸில் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் வேலை மேய்க்கும் மண்டோரோ, கோயில் குப்பையைக் கோயில்தான் பார்க்க வேண்டும் என்றார். தனபாலனுக்குப் போன் போட்டாள். "பாக்கலாம் அக்கா," என்றார்.

ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்த சுப்பம்மா கால்வாய் ஓரமாக நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்க வந்தாள்.

"வேணாம் அக்கா," என்றாள் கமலவேணி. "நீங்க எறங்காதீங்க."

சுப்பம்மா நின்றுவிட்டாள். செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

சாக்குகள் கொட்டகைக்குப் பின்னாலேயே அடுக்கிக் கிடந்தன. ஐப்பசி மழையில் இரண்டு சாக்கு இற்றுப்போய்க் கிழிந்தன. தீபாவளி கழிந்து அடுத்த சித்திரைக்கான பேச்சு வந்தபோது, இந்தத் தடவை ஆயிரம் டப்பா வாங்குவது என்று முடிவானது.