மூன்றாம் கூப்பாடு

“ஆமாங்க, எண்ணெய்க் கடை தவசிமுத்துதான். காலைல அஞ்சரைக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துருவோம்” என்று சொல்லிவிட்டு, செல்லக்கனி அடுத்த பெயரைத் தொட்டாள். அண்ணனின் போன் அது. அதிலிருக்கும் எல்லாருக்கும் தகவல் சொல்லும் வேலையை அவர் மகள் ராமசெல்வி, அத்தையான இவளிடம் விட்டிருந்தாள். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைப் பார்க்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போவது அவளுக்கும் தோதாக இருந்தது.

‘வில்லு பேச்சித்தாய்’ என்ற பெயர் வந்ததும் விரல் நின்றது.

வேதக்கார வால்டரைக் கட்டிக்கொண்டு ராயபுரத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குப் போனவள் செல்லக்கனி. அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் திருவொற்றியூரில் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அண்ணன் விடவில்லை.

பிறகு ஒரு சித்திரை மதியம், கோயில் கொடை விழாவில் பேச்சித்தாயின் வில்லுப்பாட்டு. வெள்ளம் புரளும் ஆற்றுக்கு அக்கரையில் நின்று தங்கை மூன்று முறை கூப்பிடுகிறாள். ஏழு அண்ணன்மாரில் ஒருவனும் ஓடத்தை அவிழ்க்கவில்லை. சிறு வயதிலிருந்து அண்ணன் எத்தனையோ முறை கேட்ட கதை. அன்றைக்கு என்னவோ, மூன்றாம் கூப்பாட்டில் எழுந்துவிட்டார். வண்டியை நேராக ராயபுரத்துக்கு விட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் வாசலில் வந்து நின்றார்.

“ஏ புள்ள, நான் பிந்திட்டனா?”

வால்டர்தான், “இன்னா மச்சான், வெளியவே நின்னுகினு கீற, உள்ள வா” என்று கையைப் பிடித்து இழுத்தான். அப்புறம் பதினோரு வருஷம், ஞாயிறு தவறாமல் வந்தார். அவள் மகள் கரோலின் கல்யாணத்தில் சர்ச்சின் முதல் வரிசையில், தாய்மாமனாகப் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

செல்லக்கனி பேச்சித்தாயை அழைத்தாள். தகவலைச் சொன்னாள்.

“திருவொத்தியூர் கொடைக்கு எங்களக் கூப்பிட்டவியளா?” என்றது அந்தப் பக்கம் வயதான குரல். “மறப்பனா? கூப்பிட்ட ஆளே பாதியில எந்திரிச்சுப் போயிட்டாவளேன்னு அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலம்மா.”

“அங்கேர்ந்து என் வூட்டுக்குத்தாம்மா வந்தாரு. நான் அவரு தங்கச்சி. பத்தொம்பது வருசம் பேசாம இருந்தவரு.”

அந்தப் பக்கம் குக்கர் ஒன்று விசிலடித்து ஓய்ந்தது.

“எந்த எடத்துல எந்திரிச்சாவ?”

“மூணாவது வாட்டி கூப்புடுற எடத்துல.”

“அன்னைக்குத் தொண்டை கட்டிட்டும்மா. மூணாம் தடவ கொரலே எழும்பல. கதையக் கெடுத்துட்டேன்னுதான் இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன்.”

“கெடுக்கலம்மா” என்றாள் செல்லக்கனி. “நீங்க நல்லாருக்கணும்.”

போனை ராமசெல்வியிடம் கொடுத்துவிட்டுக் கூடத்துக்குள் வந்தாள். எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று தெருமுனையைக் கடக்க, பெட்டியின் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அண்ணி ஞானசெல்வி தலை நிமிராமலே, நீட்டியிருந்த காலை மடக்கி நகர்ந்து, அண்ணனின் தலைமாட்டில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.