கம்பெனிச் சூரியன்

அல் ஐனுக்கு வடக்கே, ஹத்தா போகிற சாலையை ஒட்டிய ஒரு மணல்மேட்டில் பாண்டித்துரை ஒரு விசில் கொடுத்தால் சூரியன் நிற்கும். இரண்டு கொடுத்தால் மறையும். இது நடந்த காலத்தில் தக்காளி கிலோ இரண்டு திர்ஹம், பரமக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு விசா எழுபதாயிரம் ரூபாய். மேட்டுக்குக் கீழே ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மளிகைக் கடை, ஒரு பள்ளிவாசல் என்று சின்னதாக ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்குள் சூரியன் காலண்டரில் போட்ட நேரத்துக்கு ஒழுங்காக மறைந்தது. மேட்டின் மேல் நிற்பவர்களுக்கு மட்டும்தான் விசில் கணக்கு.

பாண்டித்துரை இந்த வித்தையைத் தேடிப் போகவில்லை. பரமக்குடிக்கும் நயினார்கோவிலுக்கும் இடையே ஓடிய மினி பஸ்ஸில் அவன் கண்டக்டர். தோளில் பை, காதில் பேனா, நாக்கை மடித்தால் விசில். முதலாளி பஸ்ஸை விற்றதும் இரண்டாயிரத்து மூன்றில் ஹெல்பர் விசாவில் வந்து ஒரு பாலைவன சஃபாரி கம்பெனியில் விழுந்தான். மணலில் ஓட டயரில் காற்றைக் குறைப்பது, கம்பளம் விரிப்பது, ஒட்டகத்தை மண்டி போட வைப்பது எல்லாம் அவன் டூட்டி. அவனுக்கு மேலே மானேஜர் கோபாலசாமி. திருச்சிக்காரர், எம்.பி.ஏ., மனைவி பத்மாவோடும் மகள் ரக்ஷிதாவோடும் அல் ஐனில் குடியிருந்தவர். பாலைவனத்துக்கு டை கட்டிக்கொண்டு வருகிற ஒரே மனிதர் என்று டிரைவர்கள் அவரைச் சொல்வார்கள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

முதல் குளிர்காலத்தில் ஒருநாள், துபாயிலிருந்து வரவேண்டிய டூரிஸ்ட் பஸ் டயர் வெடித்து வழியில் நின்றுவிட்டது. மேட்டில் சூரியன் அடிவானத்தைத் தொட்டுவிட்டது. கோபாலசாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதே நேரம் பெஷாவர்க்காரர் ஒருவர் லேண்ட் குரூஸரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார், நேராக பிரியாணி அண்டாவைப் பார்த்து. பாண்டித்துரை பழக்கதோஷத்தில் "ஹோல்டான்!" என்று கத்தி ஒரு விசில் அடித்தான். பெஷாவர்க்காரருக்கு நயினார்கோவில் ரூட்டு விசில் எப்படித் தெரியும்? அண்டா நசுங்கியது. சூரியன் நின்றது. டூரிஸ்ட்டுகள் வந்து, போட்டோ எடுத்து, கை தட்டி, பிரியாணி எங்கே என்று சண்டை போட்டு ஓய்ந்த பிறகும் அது நகரவில்லை. டிரைவர் முகம்மது சித்தீக், கீழக்கரைக்காரர், மேற்கே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாப்ளே, அது ஒன்னையத்தான்டா பாத்துக்கிட்டு நிக்கிது. ரைட் குடு."

இரண்டு விசில் கொடுத்தான். சூரியன் போனது.

மறுவாரமே கோபாலசாமி வண்ணத்தில் நோட்டீஸ் அடித்தார்: உங்களுக்காகக் காத்திருக்கும் சூரியன். டிக்கெட் விலை இரட்டிப்பானது. பாண்டித்துரையின் சம்பளம் அதே இடத்தில் நின்றது. அதற்கு யாரும் விசில் அடிக்கவில்லை. அவன் மேட்டின் மேல் நின்று வருகிறவர்களைப் பார்த்தான், பார்க்கப் பார்க்கக் குமட்டியது. சூரியன் மறைவதற்குக் கை தட்டுகிற ஜனத்தை அவன் அதற்கு முன் கண்டதில்லை. அவன் ஊர்ப் பக்கம், சாயல்குடியில் அது தினமும் ஓசியில் மறைகிறது, ஒரு நாய் திரும்பிப் பார்ப்பதில்லை. இவர்களோ ஒட்டகம் எழுந்திருக்கும்போது ஊரைக் கூட்டி அலறிவிட்டு, அதே முதுகில் நிமிர்ந்து உட்கார்ந்து சக்கரவர்த்தி மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒட்டகத்துக்குப் பேச்சு வராதது அவர்கள் செய்த புண்ணியம். சூரியனை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்திருப்பதுபோல் ஒரு போட்டோ உண்டு. வருகிற அத்தனை பேரும் அதை எடுத்தார்கள், அத்தனை பேருக்கும் அது தன் மூளையில் அப்போதுதான் உதித்தது என்று நினைப்பு. துபாய் அல் குசைஸிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வண்டி கட்டிக்கொண்டு வந்த நம் ஊர்க் குடும்பங்கள் இன்னும் ஒரு படி மேலே. சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம் என்று தெரிந்தும் புளிச்சோறு கட்டி வந்து, இரண்டையும் தின்றுவிட்டு, மணல் சூடாக இருக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பத்மா கம்பளத்தில் உட்கார்ந்தபடியே புருஷனைக் கூப்பிட்டாள். "ஏங்க, உங்க ஆளை விட்டு சூரியனைக் கொஞ்சம் லெஃப்ட்ல நகர்த்தச் சொல்லுங்களேன். ரக்ஷிதா முகத்துல நிழல் விழுது."

"அந்தப் பக்கம் ரூட் பர்மிட் இல்ல மேடம்" என்றான் பாண்டித்துரை.

இப்படியே சீசனுக்கு மேல் சீசன் போயிற்று. அவனை அரித்த விஷயம் ஊரில் இருந்தது. அக்கா நாகவள்ளியைக் கமுதிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மகள் காளீஸ்வரிக்குக் காது குத்த வேண்டும். மாசிக் களரித் திருவிழாவில், மாமியார் வீட்டுக் குலதெய்வத்தின் முன்னால், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மடி இல்லாமல் ஊசி இல்லை. மாசியோ இங்கே சீசன் உச்சியில் வந்து தொலைந்தது. ஒவ்வொரு மாசிக்கும் லீவு கேட்டான், ஒவ்வொரு மாசிக்கும் கோபாலசாமி கையை விரித்தார். பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருந்தது. பிள்ளை காது குத்தாமலே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டது.

நாகவள்ளி போனில் அழுதாள். "பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையும் மூளி மூளின்னு கூப்புடுதுகடா. இந்த மாசிக்கும் நீ வரலைன்னா சேதுபதி மடியில வச்சுக் குத்திருவோம்னு எங்க மாமியா சொல்லிருச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

சேதுபதி பெரியப்பா மகன். வரப்புத் தகராறில் பாண்டித்துரையின் அப்பாவைக் கை நீட்டி அடித்தவன். பிள்ளை எவன் மடியில் உட்காருகிறதோ அவன்தான் மாமன். நாளைக்கு அவள் சடங்கு, கல்யாணம் எதுவானாலும் மாலையும் மரியாதையும் அவனுக்கு. பாண்டித்துரை வெறுமனே பணம் அனுப்புகிற ஆளாகிப் போவான்.

"தம்பி, பி பிராக்டிகல்" என்றார் கோபாலசாமி. "ஒரு காதுக்காக இவ்வளவு டென்ஷனா? அங்க யாராவது குத்திட்டுப் போறாங்க. இங்க சூரியனை யார் பாத்துப்பா?"

"ரெண்டு காது சார்."

பேச்சு அத்தோடு முடிந்தது. மாற்று ஆள் தயாரிக்க மட்டும் கோபாலசாமி முயன்று பார்த்தார். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் ஃபுட்பால் விசிலை ஊதினார். ஒட்டகங்கள் எழுந்து நின்றன. பெஷாவர்க்காரர் விரலை வாயில் விட்டு ஊதினார்; கழுகு ஒன்று வந்து வட்டமடித்துவிட்டுப் போனது. கடைசியில் கோபாலசாமியே டையைத் தளர்த்திக்கொண்டு ஊதினார், எச்சில் வந்தது. சூரியன் யாரையும் சட்டை செய்யவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, மாசிக் களரிக்கு இரண்டு நாள் இருந்தது. கம்பெனியின் அரபி முதலாளி தன் விருந்தினர்களோடு மேட்டுக்கு வந்தார். சாதாரண டூரிஸ்ட் கூட்டமும் நிரம்பி வழிந்தது. பாண்டித்துரை ஒரு விசில் கொடுத்தான், சூரியன் நின்றது. கிள்ளுகிற போட்டோ எல்லாம் முடிந்தது. கை தட்டுவதற்குத் தயாராக எல்லோரும் நின்றார்கள். பாண்டித்துரை சுருட்டி வைத்த கம்பளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"ரைட் குடு தம்பி" என்றார் கோபாலசாமி.

"லீவு குடுங்க சார்."

கோபாலசாமி சிரித்தார், முறைத்தார், விசாவை கேன்சல் பண்ணிவிடுவேன் என்றார், பிறகு தோளில் கை போட்டு "நாம ரெண்டு பேரும் தமிழாளுங்க இல்லையா" என்றார். இந்தத் தமிழ் அவருக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. பாண்டித்துரை அசையவில்லை. சூரியனும் அசையவில்லை. போகிறவன் போகலாம், யாரும் கட்டிப் போடவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியதைப் பாதியில் விட்டுப் போக ஒருவனுக்கும் மனசு வரவில்லை. கேமராவைத் தூக்கியபடியே கை வலித்து உட்கார்ந்தார்கள். குழந்தைகள் செக்கச் சிவந்த வெளிச்சத்தில் தூங்கிப் போயின. அல் குசைஸ் குடும்பம் ஒன்று, அஸ்தமனம் நடக்காததால் பாதிப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று ஆரம்பித்தது. சித்தீக் கீழே போய்த் தொழுதுவிட்டு வந்தார்.

"ஊருக்குள்ள மஃரிபும் ஆச்சு, ராத்தொழுகை இஷாவும் ஆச்சு மாப்ளே. இது கம்பெனிச் சூரியன். நம்ம கணக்குல வராது. நீ ஒக்காரு."

முதலாளி பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பிவிட்டு, என்ன நடக்கிறது என்று சித்தீக்கைக் கேட்டார். சித்தீக் அரபியில் சொன்னார்: அக்கா மகள், காது, மாமன் மடி, மூன்று வருஷம். முதலாளி கோபாலசாமியைத் திரும்பிப் பார்த்தார். லீவு கேட்டான் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு கேள்வி. கோபாலசாமி டையைத் தடவினார். "கலாஸ். பாஸ்போர்ட்" என்றார் முதலாளி, பேச்சு முடிந்தது என்று கையை வீசி. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டுக்குப் பணமும் மேட்டுக்கே வந்து சேர்ந்தன.

"இப்பவாவது ரைட் குடுடா" என்று கோபாலசாமி பல்லைக் கடித்தார்.

"கண்டக்டர் ஏறாம ரைட் குடுக்க மாட்டான் சார். குடுத்தா வண்டி போயிரும், அவன் ரோட்டுல நிப்பான். நான் ஏறி உக்காந்துட்டுக் குடுக்கேன். சொன்னாச் சொன்னதுதான்."

சித்தீக் அவனை அப்படியே துபாய் விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். சீட்டுக் கிடைக்க ஒரு நாள் போயிற்று. சென்னை விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், அது கிளம்பவில்லை. ஏதோ கோளாறு என்றார்கள், பிறகு ஏதோ அனுமதி என்றார்கள். உள்ளே வியர்வை நாற்றமும் குழந்தை அழுகையும் கூடிக்கொண்டே போயின. விடிந்தால் களரி. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் சேதுபதி மடிதான். பாண்டித்துரைக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. ஏறி உட்கார்ந்தாயிற்று, பிறகென்ன? மேட்டை நினைத்துக்கொண்டு, நாக்கை மடித்து, கணீரென்று இரண்டு விசில் கொடுத்தான்.

விமானம் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நகர்ந்தது. பணிப்பெண் வந்து இங்கிலீஷில் வைதாள். முன் சீட்டில் இருந்த தஞ்சாவூர்ப் பெரியவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "அப்பாடா, கண்டக்டர் ஏறிட்டாருப்பா" என்றார்.

ஒரு ரைட்டுக்கு ஒரு வண்டிதான் போகும். சூரியன் மேட்டிலேயே நின்றுவிட்டது.

சென்னையில் இறங்கி, வாடகைக் காரை விரட்டிக்கொண்டு அவன் கமுதிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது களரியில் கிடா வெட்டி முடிந்திருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேதுபதி புது வேட்டியில் சம்மணம் போட்டு, மடியைத் தட்டிப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காளீஸ்வரி நாகவள்ளியின் சேலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நின்றாள். விமானக் கம்பெனிச் சீட்டு தொங்குகிற பையோடு பாண்டித்துரை கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தான்.

"எந்திரிப்பா. இது ரிசர்வேசன் சீட்டு."

சேதுபதி சுற்றிலும் பார்த்தான். ஊர் சிரித்தது. வேறு வழியில்லாமல் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான். பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, ஊசி பட்டதும் ஊர் அதிர வீறிட்டது. நாகவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கு நடுவே பாண்டித்துரையின் செல்போன் அடித்தது. கோபாலசாமி.

"ரைட் குடுத்துட்டேன் சார். வண்டி ஊரு வந்து சேந்துருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டு, அவன் பிள்ளையின் அடுத்த காதைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

மேட்டில் நிற்கிற சூரியனைப் பார்க்க இரண்டு மாதம் கூட்டம் அலைமோதியது. அப்புறம் ஒருவரும் வரவில்லை. முடியாத அஸ்தமனத்தில் எந்த இடத்தில் கை தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கம்பெனி கம்பளங்களைச் சுருட்டிக்கொண்டு வேறு மணலுக்குப் போயிற்று. கோபாலசாமி வளைகுடாவிலேயே வேறு நாட்டுக்குப் போய், மனாமாவில், குதைபியா வட்டாரத்தில் வீடு பிடித்து, கடலில் படகுச் சவாரி விற்கிறார் என்று கேள்வி. அங்கேயும் டை கட்டுகிறார். பகலில் ஊர்ச் சூரியன் உச்சிக்கு வரும்போது மேட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிழல் விழும், ஒட்டகங்கள் அதற்குப் பழகிவிட்டன. நகராட்சி அந்தச் சாலைத் துண்டுக்கு விளக்குக் கம்பம் போடவில்லை, தேவையில்லை என்று விட்டுவிட்டது. பக்கத்தில் சாலை போடுகிற கேம்ப் ஆட்கள் டூட்டி முடிந்து வந்து யூனிஃபார்மைத் துவைத்து, மேட்டில் கயிறு கட்டிக் காயப்போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். காலை டூட்டிக்குள் காய்ந்துவிடுகிறது. நீலச் சட்டையில் லேசாக ஆரஞ்சு ஏறுகிறது, அதை ஃபோர்மேன் ஒன்றும் கேட்பதில்லை.