ஆளுக்கு ஒரு டப்பா ஆயில்

நாற்காலி, மேசை வாடகைக்கு விடுவது என் தொழில். என் வேன் ஓடினால்தான் அதுவும் ஓடும். வேனுக்கு வயதாகிவிட்டது, இன்ஜின் தேய்ந்துவிட்டது, காலையில் கிளப்பினால் கடகடவென்று சத்தம் போடுகிறது, எல்லாம் எனக்கும் தெரியும். அதற்காக வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டால் எப்படி?

சாப்பாட்டு மேசையில் தினமும் இதே பேச்சுதான்.

“பழைய இன்ஜின்ல பாகமெல்லாம் தேய்ஞ்சு நடுவுல இடைவெளி விழுந்திருக்கும். கெட்டியான ஆயில் ஊத்தினாத்தான் தேயாம காப்பாத்தும்,” என்பார் என் கணவர்.

“போங்க மாமா. கிளப்புற நேரத்துலதான் தேய்மானமே. உங்க கெட்டி ஆயில் மேல ஏறிப் போறதுக்குள்ள இன்ஜின் உயிரை விட்டுடும். லேசான ஆயில்தான் சரி,” என்பான் எங்களோடு தங்கியிருக்கும் என் தம்பி.

இரண்டு பேரும் பிடித்த பிடியை விட மாட்டார்கள். நடுவில் மாமியார், “முதல்ல அந்த ஓட்டை வண்டியை வித்துத் தொலைங்க,” என்பார். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வரும். சொல்வதோடு நிற்காமல் பழைய வண்டி வாங்குகிற ஒருவரை இன்று சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார். வேன் போனால் என் தொழிலும் போச்சு என்று அவருக்குத் தெரியாதா என்ன!

இன்று காலை நாற்காலிகளை ஏற்றிவிட்டு வேனைக் கிளப்பினேன். பின்னால் தெருவே தெரியாத அளவுக்குப் புகை. எதிர் வீட்டுக்காரர் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார். சட்டென்று இன்ஜினை அணைத்தேன். மாமியாருக்கு இனிக் கொண்டாட்டம்தான் என்று எரிச்சலோடு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

அவர் வந்து ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வேனுக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, படுத்துக்கொண்டு ஆயிலைத் திறந்துவிட்டார். தட்டு நிரம்பி வழிய, இன்னொரு தட்டு கேட்டார்.

“இது என்னம்மா இன்ஜினா, எண்ணெய்க் கிணறா? மூணு லிட்டர் கூடுதலா இருக்கு. ஆயில் அளவுக்கு மேல போனா நுரைச்சு, புகைஞ்சு, இன்ஜினையே கெடுத்துடும். யாரு ஊத்தினது?”

என் கணவர் வானத்தைப் பார்த்தார். “தம்பி ஒத்துக்க மாட்டேங்கறான்னு… நானே கெட்டி ஆயில் ஒரு லிட்டர் டப்பா…”

“மாமா ஒத்துக்க மாட்டேங்கறாருன்னு நானும் லேசா ஒரு டப்பா…” என்றான் தம்பி.

“ரெண்டாச்சு. மூணாவது யாரு?” என்றார் மெக்கானிக்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு பானெட்டைத் திறக்கவே வராது. அப்போதுதான் வாசலில் நின்ற மாமியார் தொண்டையைச் செருமினார்.

“நான்தான். கடைக்காரர்கிட்ட எது நல்லதுன்னு கேட்டு வாங்கி ஊத்தினேன்.”

“அத்தை! நீங்கதானே வண்டியை விக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க?”

“பின்னே? இது நடுரோட்டுல நின்னா நீதானே தனியாத் திண்டாடுவ? விக்கச் சொன்னாலும் நீ கேக்கல. சரி, எண்ணெயாவது நிறைய ஊத்துவோம்னு ஊத்தினேன்.”

இத்தனை நாள் இந்த மனுஷியோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேனே என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“இன்ஜின் தப்பிச்சுதா?” என்று கேட்டேன்.

“தப்பிச்சுது. இனிமே வண்டியோட புத்தகத்துல என்ன கிரேடு போட்டிருக்கோ அதை மட்டும் ஊத்துங்க. அதுலயே பழைய இன்ஜினுக்குன்னு ஒரு ஆயில் வருது. தேய்மானத்தைக் குறைக்கும், ஆயில் கசியாம தடுக்கிற ரப்பர் சீலும் காயாம இருக்கும். ஆனா ஒருத்தர்தான் ஊத்தணும். யாரு?”

கணவரும் தம்பியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். “அத்தை,” என்றேன் நான். மெக்கானிக் அவரைக் கூப்பிட்டு, டிப்ஸ்டிக்கில் ஆயில் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று காட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் வண்டி வாங்குகிறவர் வந்தார். நான் எழுந்திருப்பதற்குள் மாமியார் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

“எந்த வண்டி? இதையா? என் மருமகளுக்கு வேலை இருக்குங்க, போயிட்டு வாங்க.”